எடுத்த சீட்டு

கத்தரியக்காவுக்கு அந்தப் பெயர் கத்தரிக்கோலால் வந்ததா, வாயால் வந்ததா என்பதில் சலவைக்கடையில் இரண்டு கட்சி உண்டு. கடையின் பின்பக்கம், நீராவி இஸ்திரியின் புழுக்கத்துக்கு நடுவில் ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கால்சட்டையின் இடுப்பைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது, கோட்டின் கையைக் குறைப்பது, இதுதான் வேலை. யாராவது வந்து, 'உங்க கடையில துவைச்சதும் துணி சுருங்கிப்போச்சு' என்று ஆரம்பித்தால் போதும். துணியை ஒரு பார்வை பார்ப்பாள், ஆளை ஒரு பார்வை பார்ப்பாள். 'துணி அப்படியேதான் இருக்கு, நீங்கதான் பெருத்துட்டீங்க' என்பாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அவள் போட்ட தையல் பிரிந்தது என்று யாரும் திரும்பி வந்ததில்லை. அதனால் பொறுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவளுக்கு சபை எதற்கு, ஜெபம் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அவள் புருஷன் ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டினவன். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில், அதே கம்பெனியில் கல்லாவில் உட்கார்ந்திருந்த ஒருத்தியோடு போய்விட்டான். போனவன் கண்காணாத இடத்துக்காவது போனானா? நாலு தெரு தள்ளிக் குடித்தனம் வைத்தான். அந்த நாட்களில் ஒரு மத்தியானம், அழுவதற்கு ஒரு மறைவான இடம் தேடி, பழைய சாமான் கிடங்கின் மாடியில் இருந்த சின்னச் சபைக்குள் நுழைந்தாள். அழப் போனவள், இடம் இப்படிக் குப்பையாகக் கிடக்கிறதே என்று பாஸ்டரிடம் விளக்குமாறைக் கேட்டு வாங்கிப் பெருக்கிவிட்டு வந்தாள். அடுத்த வாரமும் போனாள். பிறகு போகாத வாரமே இல்லை.

புருஷன் சில வருஷத்திலேயே நோயில் விழுந்து செத்தும் போனான். அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது. அம்மாவும் மகளும் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். மகள் வளர்ந்து ஒரு கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்தும் வேலைக்குச் சேர்ந்தாள். சபைக்கு வருவதை நிறுத்தினாள். அம்மா திட்டிப் பார்த்தாள், மகள் அசையவில்லை. இருந்தாலும் இருவருக்கும் ஒருவரை விட்டால் ஒருவர் இல்லை. காலையில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்புவார்கள், மாலையில் யார் முதலில் வந்தாலும் மற்றவளுக்கும் சேர்த்து டீ போட்டு மூடி வைப்பார்கள்.

சபையில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியின் வார்டில் வேலை பார்த்த நர்ஸம்மா அந்தச் சபையைச் சேர்ந்தவர். பார்க்க வர ஆளே இல்லாத நோயாளிகளின் பெயர்களை அவர் துண்டுச்சீட்டில் எழுதி ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைப்பார். வீட்டுக்கு ஒருவர் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். எடுத்தவர் அந்த நோயாளியைப் போய்ப் பார்த்து வர வேண்டும், அவர் குணமாகிறவரை, அல்லது யாராவது சொந்தம் வந்து அழைத்துப்போகிறவரை. நல்ல வழக்கம்தான். ஆனால் மனுஷ புத்தி இருக்கிறதே! சபையில் பெயிண்ட் கடைக்காரர் ஒருவர், காலில் புண் அழுகிக் கிடந்த ஒருவரின் சீட்டு வந்ததும் பக்கத்தில் இருந்த தம்பியிடம் நைசாக மாற்றிக்கொண்டார். ஜோக்கு சொல்லிச் சிரிக்க வைக்கும் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் அவருக்குக் கிடைத்தார். இது கத்தரியக்காவின் காதுக்கு வந்தது.

ஆராதனை முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நேரம். எழுந்து நின்று ஒரு பிடி பிடித்தாள் பாருங்கள். 'நோயாளியப் பார்க்கப் போறீங்களா, சம்பந்தி தேடப் போறீங்களா? ஆண்டவர் கையில குடுத்ததைப் பொறுக்கி எடுக்கறதுக்கு நீங்க யாரு?' என்று கேட்டாள். அன்றைக்கே ஒரு விதி போடச் சொல்லிப் பாஸ்டரை உண்டு இல்லை என்று பண்ணினாள். எடுத்த சீட்டைத் திருப்பிப் போடவும் கூடாது, மாற்றவும் கூடாது. பாஸ்டர் சாதுவான மனுஷர். சரி அக்கா, சரி அக்கா என்று விதியைப் போட்டுவிட்டார். பெயிண்ட் கடைக்காரர் முகம் சுண்டிப்போய் வீட்டுக்குப் போனார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அடுத்த முறை பெட்டி வந்தபோது கத்தரியக்கா கைவிட்டு எடுத்துப் பிரித்த சீட்டில் இருந்தது, நாலு தெரு தள்ளிக் குடித்தனம் நடத்தியவளின் பெயர். அந்தப் பெயரை அவள் வீட்டில் யாரும் வாயால் சொன்னதே இல்லை. 'அவ' என்றால் அவள்தான்.

சீட்டை மடித்துத் திரும்பப் பெட்டிக்குள் போடப் போன கை பாதியில் நின்றது. எதிரில் பெயிண்ட் கடைக்காரர். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி அவர் முகம் மலர்ந்துவிட்டது. 'என்னக்கா, கை திரும்பிப் போகுது?' என்று அன்பாகக் கேட்டார். அவருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. தெரியாமலே இத்தனை சந்தோஷம்.

மறுநாள் பாஸ்டரிடம் போய் நின்றாள். அவளுக்கு வேண்டியது ஒரு சண்டை. நீ போய்த்தான் ஆக வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை அதட்டியிருந்தால், நீர் யார் எனக்குச் சொல்ல என்று சீட்டை மூஞ்சியில் எறிந்துவிட்டு வந்திருப்பாள். அந்தப் பாவி மனுஷர், முழுவதும் கேட்டுவிட்டு, 'உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாதுக்கா. குடுங்க, நான் போறேன்' என்று கையை நீட்டிவிட்டார். நீட்டிய கையைப் பார்த்தாள். கொடுக்க மனசு வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அவளுக்கே விளங்காமல், வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

அந்த வாரம் மெஷினில் உட்கார முடியவில்லை. ஒரு கோட்டின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்தாள். இத்தனை வருஷத்தில் நடக்காத காரியம். மிதியை மிதித்துக்கொண்டே ஆண்டவரோடு வாக்குவாதம். உமக்கு வேற ஆளே கிடைக்கலையா? ஊரில் இருக்கிற சாதுக்களையெல்லாம் விட்டுவிட்டு, கோபக்காரி என்னைத்தான் பிடித்தீரா? பதில் ஒன்றும் வரவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான்.

கடைசியில் போனாள். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு எலும்புக்கூடு படுத்திருந்தது. இடுப்பு எலும்பு முறிந்து, பக்கவாதமும் வந்து, ஒரு பக்கம் விளங்காமல் கிடந்தாள். ரொட்டிக் கம்பெனிக் கல்லாவில் மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளா இவள் என்று பார்த்தாள். பார்த்து ஒரு சந்தோஷம் வந்தது. வந்த சந்தோஷத்தைக் கண்டு பயமும் வந்தது. அந்தப் பெண்பிள்ளை அவளை அடையாளம் கண்டுகொண்டு, வாய் கோண, 'அக்கா' என்றாள். தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். ஆனால் மூத்தவளை இளையவள் கூப்பிடுகிற மாதிரி இந்த வாயிலிருந்து வந்த அந்த அக்காவைக் கேட்டு உடம்பெல்லாம் எரிந்தது. கொண்டுபோன சூப்பை மேசையில் டக்கென்று வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

ஆனாலும் போய்க்கொண்டே இருந்தாள். வீட்டில் மகளிடம், சீட்டு எடுத்தேன், வார்டுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். யாரைப் பார்க்கப் போகிறாள் என்று சொல்லவில்லை. மற்றவர்கள் பொய் சொன்னால் சட்டையைப் பிடிக்கிறவள், தன் வீட்டில் வாயை மூடிக்கொண்டாள். நேரம் வரும்போது சொல்லலாம் என்று தள்ளினாள். அந்த நேரம் வரவே இல்லை.

ஒருநாள் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்பிள்ளை தானாகவே பேசினாள். அவர் சாகக் கிடந்த வாரம், பள்ளிச் சீருடையோடு மகள் தனியாக வந்து கதவைத் தட்டியதைச் சொன்னாள். அப்பா தூங்குகிறார், போ என்று கதவைச் சாத்தியதைச் சொன்னாள். 'தூங்கலக்கா. முழிச்சுதான் இருந்தார். பிள்ளையப் பார்த்தா உங்ககிட்டயே வந்துருவாரோன்னு பயந்துட்டேன்' என்றாள்.

கத்தரியக்காவுக்கு இது புதுச் செய்தி. மகள் போனதே அவளுக்குத் தெரியாது. பத்து வயசுப் பிள்ளை நாலு தெரு தனியாக நடந்துபோய், கதவு சாத்தப்பட்டு, திரும்பி வந்து, வாயே திறக்காமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது! கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்து நடந்தாள். வார்டைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, வாசல் கேட் வரைக்கும் போய்விட்டாள். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சத்தமாகவே சொன்னாள். காவலாளி திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் கையில் பை இல்லை என்பது தெரிந்தது. வீட்டுச் சாவி அதில்தான். முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தாள். அந்தப் பெண்பிள்ளை தாடையில் வழிந்த சூப்பைத் துடைக்கத் தெம்பில்லாமல் அப்படியே கிடந்தாள். கத்தரியக்கா பையை எடுத்தாள். பிறகு, வேறு வழியில்லாமல், துடைத்துவிட்டாள்.

இதோடு முடிந்திருந்தாலும் தேவலை. இனி இங்கே வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை, கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கூட்டிப்போக யார்? குடியிருந்த அறையை வீட்டுக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிட்டார். ஆதரவற்றோர் இல்லத்தில் இடமில்லை, காத்திருங்கள் என்றார்கள். நர்ஸம்மா கத்தரியக்காவைப் பார்த்தார். நேராகக் கேட்டுவிட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாள். நர்ஸம்மாவும் கேட்கவில்லை. இந்தச் சபையில் யாருமே எதையும் நேராகக் கேட்டுத் தொலைப்பதில்லை.

'இல்லத்துல இடம் கிடைக்கிற வரைக்கும்தான்' என்றாள் கத்தரியக்கா.

இங்கேதான் அவள் செய்யக்கூடாததைச் செய்தாள். மகளைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் முடியாது என்பாள், முடியாது என்றால் தானும் விட்டுவிடுவோம் என்று பயந்து, மகள் வேலைக்குப் போன நேரத்தில் சபைத் தம்பிகள் இருவரை வைத்து நாற்காலியோடு தூக்கி மாடியேற்றிவிட்டாள். குளியலறைக்குப் பக்கத்தில் இருந்தது மகளின் அறை. அதனால் மகளின் கட்டிலில் படுக்க வைத்தாள். வசதியைப் பார்த்தாளே ஒழிய, யாருடைய கட்டில் என்று பார்க்கவில்லை. மகள் மனதை ஆண்டவர் இளக்குவார் என்று உறுதியாக நம்பிக்கொண்டு டீ போட்டு மூடி வைத்தாள்.

மகள் மாலையில் வந்தாள். அறை வாசலில் நின்றாள். கட்டிலில் இருந்தவளை நீண்ட நேரம் பார்த்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் கத்தரியக்காவுக்கு எதிர்ச்சத்தம் போடத் தெரியும். அம்மா சமையலறையில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சீட்டு, விதி, வார்டு, அன்று சாத்திய கதவு, இல்லம், எல்லாம். மன்னித்துவிட்டேன் என்றும் சொன்னாள்.

'நீ மன்னிச்சது உன் புருஷனை எடுத்துக்கிட்டதுக்கு. அது உன் கணக்கு, என்னவும் பண்ணு' என்றாள் மகள். 'கதவை என் மூஞ்சியிலதான் சாத்தினா. அதை மன்னிக்க நீ யாரும்மா?'

வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டது போதாதென்று, அதை மகள் மடியிலும் விட்டுவிட்டோம் என்பது அப்போதுதான் கத்தரியக்காவுக்கு உறைத்தது. இரண்டு வாரம் பொறுத்துக்கொள் என்றாள். மகள் அன்று அம்மாவின் அறையில் தரையில் படுத்தாள். பல நாள் அப்படியே படுத்தாள். கட்டிலில் இருந்தவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இல்லத்தில் இடம் வரவில்லை. டீ போட்டு மூடி வைப்பது நின்றது.

போதாக்குறைக்கு, ஜெபக்கூட்டத்தில் கத்தரியக்கா மகளுக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேட்டாள். மனசு தாளாமல்தான் கேட்டாள். அங்கே ஒரு அம்மாள், நல்லவள், நல்லவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், மறுநாளே மகளின் கடைக்குப் போன் போட்டு, 'கண்ணு, உன் கடின இருதயம் உடையணும்னு நாங்க எல்லாரும் முழங்கால்ல நிக்கிறோம்' என்று சொல்லிவிட்டாள். வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருக்க, மகள் அதைக் கேட்டுக்கொண்டு, சரி ஆன்ட்டி என்று போனை வைத்தாளாம். அன்று மாலையே ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கத்தரியக்கா இருந்த இருப்பை என்ன சொல்ல. உட்கார்ந்தால் எழுந்திருப்பாள், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாமல் திரும்ப உட்காருவாள். விடுதிக்குப் போனால், வெளியே போயிருக்கிறார் என்று பதில் வரும். கண்ணாடிக்கடைக்குப் போனால் மகள், கடையில் வேண்டாம்மா என்று மெதுவாகச் சொல்லுவாள். சபையில் பாஸ்டர் பிரசங்கத்தில் அவள் பெயரைச் சொல்லாமல் அவள் கதையை, ஆண்டவர் செய்த அற்புதத்துக்குச் சாட்சியாகச் சொன்னார். எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பெயிண்ட் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கோ எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. என் மகள் வீட்டில் இல்லை, இதில் என்ன சாட்சி என்று கத்த வேண்டும் போலிருந்தது.

வீட்டில் அந்தப் பெண்பிள்ளை நாளுக்கு நாள் பஞ்சாகிக்கொண்டு வந்தாள். ஆரம்பத்தில் கத்தரியக்கா அவளைப் புரட்டுவதும் துடைப்பதும் சாமான் விளக்குகிற மாதிரி இருக்கும். தோல் புண்ணாகப் போகிறது, மெதுவாகச் செய்யுங்கள் என்று நர்ஸம்மா வந்து கைப்பிடித்துக் காட்டிக்கொடுத்தார். கழுத்தை எங்கே தாங்குவது, முடியை எப்படிச் சிக்கெடுப்பது, சோப்பு கண்ணில் போகாமல் நெற்றியில் எப்படிக் கைவைத்துத் தடுப்பது. அவசரப்பட்டால் காரியம் கெடும் என்பதால் மெதுவாகச் செய்தாள். செய்யச் செய்ய அதுவே கைக்கு வந்துவிட்டது. கோபம் உள்ளே இருந்தது, கை மட்டும் தன்பாட்டுக்கு நிதானமாகியிருந்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில், மீதித் துணிகளை எடுக்க மகள் வந்தாள். தன் சாவியால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவள், குளியலறை வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே ஸ்டூலில் அந்தப் பெண்பிள்ளையை உட்கார வைத்து, ஒரு கையால் முதுகைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் தலைக்கு ஷாம்பூ தேய்த்துக்கொண்டிருந்தாள் அம்மா. காதுக்குப் பின்னால், பிடரியில், விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக. முடியில் ஒரு சிக்கு வந்தது. இழுக்கவில்லை. நிறுத்தி, பிரித்து, மறுபடி தேய்த்தாள்.

மகள் வந்து நிற்பதைக் கத்தரியக்கா பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சாப்பிட்டியா என்று கேட்க வாயெடுத்தாள். மகள் முந்திக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

'அப்பா போனதுக்கு அப்புறம், நீ ஒருநாளாவது என்னை அடிக்காம தலை சீவி விட்டிருக்கியாம்மா?'

கத்தரியக்காவின் கை நின்றது.

'அழுதா சீப்பைத் திருப்பி மண்டையிலயே போடுவ. ஸ்கூலுக்கு தினமும் கண்ணு வீங்கித்தான் போவேன். இவ மேல இருந்த ஆத்திரத்தை எல்லாம் என் தலையிலதான் காட்டின. இன்னைக்கு இவளுக்கு இவ்வளவு பதமா தேய்க்கிற.'

இல்லை என்று சொல்ல முடியுமா? அத்தனையும் நிஜம். அந்தக் காலைகள், அந்தச் சீப்பு, அந்தச் சின்னத் தலை கைக்குள் குன்றியது, எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆண்டவரிடம் எத்தனையோ பாவங்களை அறிக்கை செய்திருக்கிறாள். கடையில் கோபப்பட்டதை, பாஸ்டரை ஏசியதை, எதிரியின் நோயைக் கண்டு சந்தோஷப்பட்டதைக் கூடச் சொல்லியிருக்கிறாள். இதை ஒருநாளும் சொன்னதில்லை. பாவம் என்று தோன்றினதே இல்லை.

'இல்ல' என்றாள் கடைசியில். 'ஒருநாளும் அடிக்காம சீவி விட்டதில்லம்மா.'

மகள் கொஞ்ச நேரம் நின்றாள். இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்த மாதிரி இருந்தது. பிறகு அறைக்குள் போய்த் துணிகளை எடுத்தாள், வெளியே வந்தாள், போயிட்டு வரேன் என்று சொல்லாமல் படியிறங்கினாள்.

பின்னாலேயே ஓட வேண்டும். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து நடுத்தெருவில் ஆனாலும் சரி, காலில் விழ வேண்டும். கத்தரியக்காவின் கால் இரண்டும் பரபரத்தன. ஆனால் இடது கை முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தது. எடுத்தால் ஸ்டூலிலிருந்து சரிந்துவிடுவாள், ஏற்கெனவே முறிந்த இடுப்பு. இருவருக்கும் அது தெரியும்.

'போங்கக்கா' என்றாள் அந்தப் பெண்பிள்ளை, நுரைக்குள் கண்ணை மூடிக்கொண்டு. 'நான் சுவத்தைப் பிடிச்சுக்கறேன். போங்க.'

சுவரைப் பிடிக்கிற கைதான் விளங்காத கை. மூன்றாவது மாடியிலிருந்து இரண்டாவதுக்கு, இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு மகளின் செருப்புச் சத்தம் இறங்கிப் போவதைக் கத்தரியக்கா நின்ற இடத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள், குரல் குளியலறையை விட்டு வெளியே போகவில்லை. அழுதாள். நன்றாகவே அழுதாள். அழுதுகொண்டே குவளையில் தண்ணீர் மொண்டு, கண்ணில் சோப்பு இறங்காமல் அந்த நெற்றியில் கைவைத்துத் தடுத்து, மெதுவாக ஊற்றினாள். வேகமாக ஊற்ற வேண்டும், ஒரே ஒரு தடவையாவது மடாரென்று ஊற்றிவிட வேண்டும் என்று மனசு துடித்தது. கைக்கு வரவில்லை. பதமாகச் செய்ய அந்தக் கை இப்போதுதான் கற்றிருந்தது, அதை முதலில் செய்திருக்க வேண்டிய தலை படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டது.